அசையாத முள்: அழுத்தமானி குறித்துப் புகார்

அல்சூர், பெங்களூரு

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வானிலை பலூன் செய்முறைப் பெட்டியில் பழுதான அழுத்தமானியை மாற்றித் தரக் கோருதல்

ஐயா,

ஞாயிறுதோறும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மொட்டைமாடியில் அறிவியல் சொல்லித் தருகிறேன். அதற்காகவே 3,850 ரூபாய் கொடுத்து உங்கள் பெட்டியை வாங்கினேன். கண்ணாடிக் குடுவையும் அதிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கைப்பம்பும் நன்றாகவே உள்ளன. அழுத்தமானி மட்டும் வந்த நாளிலிருந்தே உயிரில்லாமல் கிடக்கிறது.

பெட்டியைப் பிரித்தபோதே முள் 1013 ஹெக்டோபாஸ்கலில் நின்றது. அது கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தின் அளவு. பெங்களூரு 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும் என்பதால், இங்கே 910-ஐ ஒட்டித்தான் காட்ட வேண்டும். சென்னையிலிருந்து என் அக்கா வாங்கிவரும் சிப்ஸ் பாக்கெட்டுக்கே இது தெரியும். இங்கு வந்து சேர்வதற்குள் உப்பிவிடுகிறது. தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியரோ, "கைபேசியிலும் 1013 என்றுதானே காட்டுகிறது" என்றார். கைபேசி காட்டுவது கடல்மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட எண். உங்கள் மானி அளக்க வேண்டியது குடுவைக்குள் இருக்கும் காற்றை.

சரி, பம்பு அடித்தாலாவது நகரும் என்று பார்த்தோம். எலுமிச்சையளவு ஊதி முடிச்சிட்டுக் குடுவைக்குள் வைத்த பலூன் மெல்லப் பருத்து, சுருக்கம் நீங்கி, சாத்துக்குடி அளவுக்கு வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். முள் 1013-லேயே நின்றது. "பொய் சொல்வது பலூனா, மீட்டரா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

எண் இல்லாவிட்டால் பாடமே இல்லை. ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் பாதியாகிறது. முப்பதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. ஒன்றரை மீட்டர் அகலத்தில் கிளம்பும் வானிலை பலூன் அங்கே ஆறேழு மீட்டராக விரிந்து வெடிக்கிறது. அழுத்தம் அவ்வளவு குறைந்தும் அகலம் ஏன் நாலைந்து மடங்கோடு நின்றுவிடுகிறது என்பதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுப் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கையேட்டில் "பலூனை விறைப்பாக ஊதவும்" என்றிருப்பதையும் திருத்துங்கள். அப்படி ஊதிய முதல் பலூன் குடுவைக்குள்ளேயே வெடித்தது. விரிய இடம் விட்டுத்தான் நிஜ பலூனிலும் வாயு அடைக்கிறார்கள்.

என் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. எதுவும் தீரவில்லை. 15 நாட்களுக்குள் வேலை செய்யும் அழுத்தமானியை அனுப்புங்கள். இல்லையேல் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தை அணுகுவேன்.

பில் நகலுடன் இரண்டு படங்களை இணைத்துள்ளேன். ஒன்று பம்பு அடிக்கும் முன் எடுத்தது, மற்றது பின். எது எது என்று பலூனைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். முள்ளைப் பார்த்தால் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்