ஒரு ‘நெகடிவ்’ அறிக்கையோடு மலேரியாவை மறந்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் என்றதும் எல்லோர் வாயிலும் வருவது டெங்குதான். அதில் பிழை இல்லை. ஆனால் வெளிநாட்டில் இருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் மலேரியாவும் உடனே நினைவுக்கு வரவேண்டும். அப்படி நினைப்பவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், நினைத்தாலும் ஒரே ஒரு பரிசோதனை ‘நெகடிவ்’ என்று வந்ததும் அந்தக் கதையை முடித்துவிடுகிறார்கள். நீண்ட காலம் அரச ஆய்வுகூடத்தில் மலேரியா ஸ்லைட் பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இதை எழுதத்தான் வேண்டும் என்று பட்டது.

எங்கள் அயலில் ஒரு தம்பி, மேற்கு ஆப்பிரிக்காவில் வேலைசெய்துவிட்டு வந்தவர். வந்த கொஞ்ச நாளில் நடுக்கத்தோடு காய்ச்சல். தனியார் ஆய்வுகூடம் ஒன்றின் கிராமத்துக் கிளையில் காலையில் இரத்தம் எடுத்தார்கள், அது பட்டணத்துக்குப் போய்ச் சேர்ந்தது பின்னேரம். அறிக்கையில் டெங்குவும் இல்லை, மலேரியாவும் இல்லை. மலேரியாவை எந்த முறையில் பார்த்தார்கள் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, பரசிற்றமோல் குடித்துக்கொண்டு படுத்திருந்தார். அடுத்த நாள் காய்ச்சல் இன்னும் கூடி, ஆள் பிதற்றத் தொடங்கிய பிறகுதான் அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே புதிதாக இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூச்சுப் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்ததில், மலேரியா வகைகளிலேயே மிக ஆபத்தான பால்சிபாரம் மலேரியா. நல்லகாலம், ஆள் தப்பிவிட்டார். பால்சிபாரம் ஒரு நாளுக்குள்ளேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது, அதனால் அந்த ஒரு நாள் தாமதம் சின்ன விஷயம் இல்லை.

முதல் அறிக்கை பொய் என்று நான் சொல்லவரவில்லை. அந்த நேரத்தில், அந்தத் துளி இரத்தத்தில், அந்த முறையில் கிருமி தெரியவில்லை என்பதுதான் ‘நெகடிவ்’ என்பதன் அர்த்தம். பால்சிபாரம் கிருமி முதிர்ந்ததும் உடலின் உள்ளே நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், விரலில் குத்தி எடுக்கும் இரத்தத்தில் இளம் கிருமிகள்தான் வரும். ஒரு நேரம் எடுத்தால் நிறைய இருக்கும், இன்னொரு நேரம் எடுத்தால் தேடவேண்டியிருக்கும். போதாததற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும்போதே ஏதோ குளிசையை அரைகுறையாகப் போட்டுவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள், அவர்களின் இரத்தத்தில் கிருமி இன்னும் குறைவாக இருக்கும். அதனால்தான் சந்தேகம் இருந்தால் 12 முதல் 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, மூன்று தடவையாவது திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டும் என்கிறார்கள்.

இப்போது பல இடங்களில் பாவிப்பது உடனடிப் பரிசோதனைப் பட்டி. கால் மணித்தியாலத்தில் கோடு தெரியும், வசதிதான். ஆனால் ஒரு மைக்ரோலீட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 200 கிருமியாவது இருந்தால்தான் அதை முழுதாக நம்பலாம். அதே அளவு இரத்தத்தில் 50 இலட்சம் அளவில் செங்குழியங்கள் இருக்கின்றன, கணக்குப் போட்டுப் பாருங்கள், 25,000 செங்குழியத்துக்கு ஒரு கிருமி. அதற்குக் கீழே போனால் பட்டி தவறவிடலாம். சில பட்டிகள் பால்சிபாரத்தின் ஒரு புரதத்தை மட்டுமே பிடிக்கும், அதில் வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியா தெரியவே தெரியாது. அந்தப் புரதத்தை உண்டாக்காத பால்சிபாரம் வகைகளும் உலகத்தில் இருக்கின்றன. மறுபக்கம், மருந்து குடித்துச் சுகமான பிறகும் சில வாரங்களுக்கு அதே பட்டி ‘பொசிட்டிவ்’ காட்டும்.

நன்றாகப் பழகிய கண் பார்த்தால் தடித்த பூச்சு இதைவிட நுணுக்கமாகக் காட்டும், மெல்லிய பூச்சு எந்த வகை மலேரியா என்று சொல்லும். ஆனால் அதற்குப் பக்குவம் வேண்டும். இரத்தத்தைக் குழாயில் மணிக்கணக்கில் வைத்திருந்தால் கிருமியின் வடிவம் சிதைந்துவிடும். கிருமியை நிறமூட்டிக் காட்டும் கீம்சா சாயத்தைக் கரைக்கும் நீரின் அமில-காரத் தன்மை பிஎச் 7.2இல் இருக்கவேண்டும். எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரை நம்பி அப்படியே கரைத்தால் நிறம் கெட்டு, சாயப் படிவைக் கிருமி என்றும் கிருமியைப் படிவு என்றும் எண்ணவேண்டிவரும். ‘இல்லை’ என்று எழுத முன்னர் நுணுக்குக்காட்டியின் எண்ணெய் வில்லையில் 100 புலமாவது (ஒரு தடவையில் கண்ணுக்குத் தெரியும் வட்டம் ஒரு புலம்) பொறுமையாகப் பார்க்கவேண்டும். இன்று பணிக்கு வரும் பிள்ளைகள் உண்மையான மலேரியா ஸ்லைட்டைக் காண்பதே அரிது. அது அவர்களின் குற்றம் இல்லை, ஆனால் பழைய ஸ்லைட்டுகளை வைத்தாவது அவர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுக்காவிட்டால் இந்தக் கைத்திறன் எங்களோடு போய்விடும்.

2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய மலேரியா இல்லாமல் இருந்து, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கிய நாடு இது. பெரிய சாதனைதான். ஆனால் 1963இலும் நாடு முழுவதும் 17 பேர் என்ற அளவுக்கு இறங்கியது, கவனம் தளர்ந்தது, 1969இல் 5 இலட்சத்தைத் தாண்டியது. இப்போது மன்னாரில் கண்டுபிடித்த அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு யாழ்ப்பாணத்துக்கும் வந்துவிட்டது, கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகுகிற இனம். கிருமியோடு ஒருவர் கண்டுபிடிக்கப்படாமல் வீட்டில் படுத்திருந்தால் மிச்ச வேலையை நுளம்பு பார்த்துக்கொள்ளும்.

எனவே தனியார் ஆய்வுகூடங்கள் எந்த முறையில் பார்த்தோம், பட்டி என்றால் எந்தெந்த வகையைப் பிடிக்கும் பட்டி, இரத்தம் எடுத்த நேரம் எது என்று அறிக்கையிலேயே எழுதட்டும். ஒரு வரி கூடுதலாக எழுதுவதற்குச் செலவில்லை. வைத்தியர்கள் காய்ச்சல்காரரிடம் ‘கடைசி ஒரு வருடத்தில் எங்கே போனீர்கள்’ என்று கேட்கட்டும், ஏனென்றால் வைவாக்ஸ் ஈரலில் மாதக்கணக்கில் பதுங்கியிருந்தும் வெளியே வரும். எங்கள் சனமும் போன இடத்தை மறைக்கக்கூடாது. ஏஜென்சி மூலம் ஆப்பிரிக்கா வழியாக வேறு நாட்டுக்குப் போக வெளிக்கிட்டுத் திரும்பியவர்கள் பயத்தில் வாய் திறப்பதில்லை. வைத்தியர் கேட்பது உங்கள் உயிருக்காக, பொலிசுக்குச் சொல்வதற்காக அல்ல.

அரசின் மலேரியா தடை இயக்கம் பயணம் போகிறவர்களுக்குத் தடுப்பு மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது என்பதே இங்கே பலருக்குத் தெரியாது. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்து இறங்க முன்னர், அந்த இயக்கத்தின் யாழ்ப்பாண அலுவலகத் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கி, உங்கள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஒரு சிறு பெட்டியாகப் போடுவீர்களா?

ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
கோப்பாய்