ஒத்துப்போகாதவர் சாதித்தே ஆக வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊரோடு ஒத்துப்போகாத மனிதர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மகிழ்ச்சியாக இருந்தது. இரண்டாம் முறை கோபம் வந்தது. அந்தக் கோபத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கட்டுரையில் வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் வென்றவர்கள். சாக்ரடீஸ், கலீலியோ, வான்கோ என்று வரிசையாகப் பெயர்கள். வாழ்ந்த காலத்தில் உலகம் அவர்களைப் புரிந்துகொள்ளவில்லை, பிற்காலம் புரிந்துகொண்டது, ஆகவே மாறுபட்டவர்களை மதிப்போம் என்று கட்டுரை முடிகிறது. அந்த 'ஆகவே'யை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவர் எல்லோரையும் போல வாழ மறுக்கலாம், ஆனால் பின்னால் ஒரு கண்டுபிடிப்பையோ ஒரு காவியத்தையோ கொடுத்து அந்தக் கடனைத் தீர்த்துவிட வேண்டும் என்றுதானே இதற்குப் பொருள்? கொடுக்க எதுவும் இல்லாதவரைப் பழையபடி 'ஒரு மாதிரியான ஆள்' என்று ஒதுக்கிவிடலாமா?

1964-ஆம் ஆண்டு சோவியத் நகரமான லெனின்கிராடில் கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கியை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஒழுங்காக ஒரு வேலையில் இல்லாமல் சமூகத்தின் ஒட்டுண்ணியாக வாழ்கிறார் என்பது குற்றச்சாட்டு. நீ கவிஞன் என்று யார் அங்கீகரித்தது, கவிஞர்களின் வரிசையில் உன்னை யார் சேர்த்தது என்று நீதிபதி கேட்டார். வடக்கே ஒரு தொலைதூரக் கிராமத்தில் ஐந்தாண்டுக் கட்டாய உழைப்பு என்று தீர்ப்பானது. எதிர்ப்பு வலுத்ததால் அடுத்த ஆண்டே விடுவித்தார்கள். 1987-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்த நீதிபதியின் கேள்வி நமக்கு அபத்தமாகத் தெரிகிறது. பரிசு வந்ததால்தானே? அதே கூண்டில், வாழ்நாளில் ஒரு வரிகூட எழுதாத ஒருவரை நிறுத்தி, உன்னால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி ஆகிவிடுமா?

சாதித்தவரையும் நாம் விட்டுவைப்பதில்லை. ஏறத்தாழ நூறாண்டுகளாக விடை கிடைக்காதிருந்த பாங்கரே கணிப்பு என்ற கணிதப் புதிரை, 2002-இலும் 2003-இலும் வெளியிட்ட ஆய்வுகளில் நிரூபித்தார் ரஷ்யக் கணிதவியலாளர் கிரிகோரி பெரல்மன். 2006-இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை மறுத்தார். 2010-இல் அதே நிரூபணத்துக்கான பத்து லட்சம் டாலர் பரிசையும் மறுத்தார். உலகத்தின் கடனை அவர் வட்டியோடு தீர்த்திருந்தார். ஆனாலும் அவருடைய கணிதத்தைப் பற்றிப் பேசியவர்களைவிட, இந்த மனிதருக்கு என்ன கோளாறு என்று கேட்டவர்களே அதிகம். மேடைக்கு வந்து மாலையை ஏற்றுக்கொள்வதும் நாம் விதித்த கடமைகளில் ஒன்றுபோலும்.

என் சித்தப்பா எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து எழுத்தராகவே ஓய்வு பெற்றார். பதவி உயர்வு இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. உறவினர் வீட்டு விழாக்களுக்குப் போவதில்லை, அதற்குக் காரணமும் சொல்வதில்லை. காரணம் சொல்லியிருந்தால் பலர் மன்னித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். காதல் தோல்வி என்றோ உடம்பில் ஏதோ நோய் என்றோ ஒரு கதை கிடைத்திருந்தால் அனைவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். "எனக்கு இப்படி இருப்பது பிடித்திருக்கிறது" என்பதை மட்டும் ஒருவராலும் தாங்க முடியவில்லை. திமிர் என்றார்கள். என் அப்பாவின் பணி ஓய்வு விழாவுக்குக்கூட அவர் வரவில்லை. அப்பா அதைக் கடைசிவரை மறக்கவில்லை. அந்த வருத்தத்தை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அதற்காகச் சித்தப்பாவுக்கு நேர்ந்தது என்ன? யாரும் எதுவும் சொல்லவில்லை. அழைப்பிதழ்ப் பட்டியலில் அவர் பெயர் மெல்ல மெல்லக் காணாமல் போனது, அவ்வளவுதான். பழைய கிரேக்க நகரமான ஏதென்ஸில் ஒருவரை நாடு கடத்தக் குற்றச்சாட்டு தேவையில்லை. குடிமக்கள் உடைந்த ஓட்டுச் சில்லுகளில் பெயரைக் கீறிப் போட்டால் போதும், பத்தாண்டுகள் அவர் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். ஆனால் அவருடைய சொத்தைத் தொட மாட்டார்கள். பத்தாண்டுகள் முடிந்ததும் அவர் திரும்பி வரலாம். குடும்பம் ஒதுக்கிவைப்பதற்கு அப்படி ஒரு முடிவுத் தேதி கிடையாது. சமூகத்தின் கொடுங்கோன்மையிலிருந்து தப்பும் வழிகள் அரசின் கொடுங்கோன்மையிலிருந்து தப்பும் வழிகளைவிடக் குறைவு என்று ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் எழுதியது சித்தப்பாவின் வாழ்க்கைக்கு அப்படியே பொருந்துகிறது.

எனக்குப் பதினேழு வயதானபோது, நான் கணக்கியல் படிக்க வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். எனக்கு வரலாறு படிக்க ஆசை. ஆறு பெரியவர்கள் ஒரே குரலில் பேசும்போது நம் ஆசையே நமக்குக் கிறுக்குத்தனமாகத் தோன்றும். சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என் பக்கம் பேசுவார் என்ற நம்பிக்கையில்தான் போனேன். அவரோ, "ஒரு வருடம் எதுவும் படிக்காமல் சும்மா இரு" என்றார். எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. அந்த யோசனையை நான் ஒரு நிமிடம்கூடப் பரிசீலிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அப்பாவிடம் வரலாறுதான் படிப்பேன் என்று என்னால் சொல்ல முடிந்தது. எங்கிருந்து வந்தது அந்தத் துணிவு என்று நெடுநாள் எனக்கு விளங்கவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் அமெரிக்காவில் நடத்திய சோதனையைப் பற்றிப் படித்தபோதுதான் விளங்கியது. ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் அதற்குச் சமமானது எது என்று கேட்பார்கள். சிறு பிள்ளைக்கும் தெரிகிற விடை. ஆனால் அறையில் ஒருவர் மட்டுமே உண்மையான பங்கேற்பாளர். மற்றவர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஒன்றுபோலத் தவறான விடையைச் சொல்வார்கள். தனியாகக் கேட்டால் நூற்றில் ஒரு முறைகூடத் தவறாத கேள்விக்கு, இந்தக் கூட்டத்தின் நடுவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறான விடைகள் வந்தன. தன்னிடம்தான் ஏதோ குறை இருக்கிறது, அதை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்து ஒத்துப்போனவர்களும் இருந்தார்கள். எதிர்ப்பக்கம் பெரிய கூட்டம்கூடத் தேவைப்படவில்லை, மூன்று பேர் இருந்தாலே ஏறக்குறைய முழு அழுத்தமும் வந்துவிட்டது. 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று நாம் காலமெல்லாம் அஞ்சுகிறோமே, அந்த நாலு பேருக்கு மூன்று பேரே போதும்.

ஒருவர் மட்டும் துணைக்குச் சரியான விடை சொன்னால் நிலைமை மாறிவிடும் என்பது எதிர்பார்க்கக்கூடியது. என்னை உலுக்கியது இன்னொன்று. அந்த ஒருவர் கூட்டத்தைவிட மோசமான தவறான விடையைச் சொன்னபோதும் பங்கேற்பாளர் விடுதலை பெற்றார். தவறுகள் பத்து சதவீதத்துக்கும் கீழே இறங்கின. வேறு குரல் சரியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 'எல்லோரும்' என்ற சொல் உடைந்தால் போதும், நாம் நம் கண்ணை நம்பத் தொடங்கிவிடுகிறோம். சித்தப்பா எனக்குச் செய்தது இதுதான். அவர் யோசனை தவறு. அவர் அங்கே இருந்ததுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இதை எழுதும்போது எதிர்வாதம் காதில் விழுகிறது. கடனைக் கட்டாதவரும் பெற்ற பிள்ளையைக் கைவிட்டவரும் இப்படித்தானே சொல்லிக்கொள்வார்கள்? சொல்வார்கள். பிறர் முதுகில் ஏறிக்கொண்டு அதைச் சுதந்திரம் என்பவரை நான் ஆதரிக்கவில்லை. சித்தப்பா தன் சோற்றைத் தானே சம்பாதித்தார், யார் வழியிலும் குறுக்கே நிற்கவில்லை. நாம் எதிர்பார்த்தபடி வாழவில்லை என்பதைத் தவிர அவர் மீது சொல்ல எவரிடமும் வேறு குற்றம் இருக்கவில்லை.

அவர் இப்போது இல்லை. போன மாதம் எங்கள் குடும்பத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசக் கூடியிருந்தோம். ஒவ்வொருவராக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வேறு ஒரு பதிலைச் சொன்னேன். அது சரியான பதில்தான் என்ற உறுதி எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. அவன் தலை நிமிர்ந்து பார்த்தான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி