பதினேழு ஆண்டு கழித்து வந்த சைக்கிள் பாட்டு

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகு பகல் பொழுது இவ்வளவு நீளமாக இருக்கும் என்று யாரும் உனக்குச் சொல்லவில்லை என்று அங்கலாய்த்திருக்கிறாய். அந்த நீளத்தில் பழைய குறுந்தகடுகளைத் தூசி தட்டினாய், ஜெர்மன் மின்னணு இசைக்குழுவான கிராஃப்ட்வெர்க், பிரான்ஸின் 'டூர் டி ஃப்ரான்ஸ்' சைக்கிள் பந்தயத்தை வைத்துச் செய்த 'டூர் டி ஃப்ரான்ஸ் சவுண்ட்ட்ராக்ஸ்' ஆல்பம் அகப்பட்டது, இரண்டு முறை கேட்டாய் என்ற வரை படித்து மகிழ்ந்தேன். அதற்கு அடுத்த வரியில் தீர்ப்பு எழுதிவிட்டாய்: "பதினேழு வருடம் காக்க வைத்துவிட்டு ஒரே ஒரு பழைய பாட்டை இழுத்து நீட்டிக் கொடுத்திருக்கிறார்கள்." இதற்குப் பதில் எழுதாமல் என்னால் தூங்க முடியாது என்பது உனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதியிருக்கிறாய்.

பதினேழு என்ற கணக்கு சரி. 1986-இல் 'எலக்ட்ரிக் கஃபே', அதற்குப் பிறகு புதிய பாடல்களோடு ஓர் ஆல்பம் என்றால் 2003 ஆகஸ்டில் வந்த இதுதான். இடையில் 1991-இல் 'தி மிக்ஸ்' வந்தது. அது பழைய பாடல்களைப் புதிய கருவிகளில் மறுபடி செய்து கொடுத்தது. 1999 கடைசியில், ஹானோவர் உலகக் கண்காட்சிக்காக 'எக்ஸ்போ 2000' என்ற தனிப்பாடல். அவ்வளவுதான். டூசல்டார்ஃபில் அவர்களுடைய கிளிங் கிளாங் ஒலிப்பதிவுக் கூடத்தில் தொலைபேசி மணி அடிக்காது, கடிதம் போட்டால் பிரிக்காமலே திரும்பி வரும் என்றெல்லாம் பத்திரிகைகள் கதை கட்டின. உள்ளே வேலை நகரவே இல்லை என்ற சலிப்பில் குழுவில் இருந்த கார்ல் பார்ட்டோஸ் 1990-இல் வெளியேறினார். வொல்ஃப்காங் ஃப்ளூர் அதற்கு முன்பே போய்விட்டார். தொடங்கிய இருவரான ரால்ஃப் ஹூட்டரும் ஃப்ளோரியன் ஷ்னைடரும் மிஞ்சினார்கள். ஃப்ரிட்ஸ் ஹில்பர்ட்டும் ஹென்னிங் ஷ்மிட்ஸும் வந்து சேர்ந்தார்கள்.

நீ 'பழைய பாட்டு' என்று சொல்வது 1983-இல் தனிப்பாடலாக வந்த 'டூர் டி ஃப்ரான்ஸ்'. அப்போதே ஹூட்டர் தலைக்குள் சைக்கிள் புகுந்துவிட்டது. கச்சேரிக்குப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து முன்கூட்டியே இறங்கி, மீதித் தூரத்தைச் சைக்கிளில் மிதித்துப் போய்ச் சேருவார் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1982-இல் தலைக்கவசம் போடாமல் விழுந்து மருத்துவமனையில் கிடந்தார். கண் விழித்ததும் "என் சைக்கிள் எங்கே?" என்று கேட்டாராம் என்ற கதையை நீதான் எனக்கு முதலில் சொன்னாய். ஹூட்டர் பிறகு ஒரு பேட்டியில் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல கதைகளுக்கு நேர்கிற கதி.

நம் வழக்குக்கு வருகிறேன். சைக்கிள் பந்தயத்தை வைத்து முழு ஆல்பம் என்பது 1983-லேயே அவர்கள் கையில் இருந்த யோசனை. அது பாதியில் நின்றது, தனிப்பாடல் மட்டும் வெளியே வந்தது, மற்ற வேலைகள் சுற்றிச் சுற்றி 'எலக்ட்ரிக் கஃபே'யில் போய் முடிந்தன. ஆகவே 2003-இல் அவர்கள் ஒரு பாட்டை நீட்டவில்லை. இருபது வருடம் கிடப்பில் கிடந்த வேலையை எடுத்து முடித்தார்கள். பந்தயத்தின் நூற்றாண்டு அதற்கு ஒரு சாக்கு. முதல் பந்தயம் 1903-இல் நடந்தது. நூற்றாண்டுப் பந்தயம் ஜூலை 27 அன்று பாரிஸில் முடிந்தது, ஆல்பம் அதற்கு அடுத்த வாரம் கடைக்கு வந்தது. இருபது வருடம் எடுத்துக்கொண்டும் ஒரு வாரம் தாமதம்! இந்தக் குழுவை நான் விரும்புவதற்கு இது ஒன்றே போதும்.

1983 பாடலை ஒரு தடவை தனியாகக் கேள். ஒலி குறைவாக வேண்டாம். முதலில் மூச்சு வாங்கும் சத்தம், அது தாளத்திலேயே வரும். அப்புறம் சங்கிலி, பல்சக்கரம். அதன் மேல் ஒரு மெல்லிசை, ஏணியில் ஏறுவது போல மேலே போய்ச் சற்றுத் தயங்கும். ஜெர்மன் இசையமைப்பாளர் பால் ஹிண்டெமித்தின் புல்லாங்குழல் சொனாட்டாவின் தொடக்கத்தை அது நினைவூட்டுகிறது என்று இசை அறிந்தவர்கள் சொல்வார்கள். ஷ்னைடர் புல்லாங்குழல் கற்றவர் என்பதால் எனக்கு இது ஆச்சரியம் தரவில்லை. பாடல் வரிகள் பிரெஞ்சில். மலைகளின் பெயர்கள், கடற்கரையின் பெயர்கள், கடைசிக் கட்டத்தில் பாரிஸின் ஷாம்ஸ் எலிசே சாலை. கற்கள் பாவிய சாலையில் டயர் பஞ்சர் ஆகிறது, சைக்கிளை விரைவாகச் சரி செய்கிறார்கள், கூட்டம் மறுபடி ஒன்று சேர்கிறது, தோழர்கள், நட்பு என்று முடிகிறது. சைக்கிள் பைத்தியம் பிடித்த ஹூட்டர், இந்தப் பந்தயத்தோடு சேராத பாரிஸ்–ரூபே போட்டியையும் ஏன் அதே பாட்டில் செருகினார் என்பது எனக்கு விளங்காத ஒன்று. சந்தத்துக்காக என்று வைத்துக்கொள்வோம்.

இனி 2003-க்கு வருவோம். ஒரு சிறிய முன்னுரைக்குப் பிறகு மூன்று கட்டங்கள், 'எடாப்' ஒன்று, இரண்டு, மூன்று என்று நிற்காமல் ஓடி 'க்ரோனோ' என்ற பாட்டில் போய்க் கலக்கின்றன. இந்த இடத்தில்தான் நீ சலித்துப்போயிருப்பாய். ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீண்ட தூரப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள் ஒருவர் முதுகின் பின்னால் ஒருவர் ஒளிந்து காற்றைத் தவிர்த்துக்கொண்டு மணிக்கணக்கில் மிதிப்பார்கள். இந்தப் பாடல்களில் தாளம் மாறுவதில்லை. மேலே ஒரு சுருதி மெல்லத் திறக்கும், பின்னால் ஒரு குரல் வானொலி, தொலைக்காட்சி, மோட்டார் சைக்கிளில் துரத்தும் நிருபர்கள் என்று அடுக்கும், பிறகு அதுவும் விலகிப் போகும். வேகம் அதேதான், சரிவு மட்டும் மாறுகிறது. இரண்டாவது கட்டத்தின் நடுவில் கீழ்ச்சுருதி இறங்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் உடல் முன்னால் சாய்கிறது.

பிறகு 'விட்டமின்'. பொட்டாசியம், கால்சியம், இரும்பு, மக்னீசியம் என்று மருந்துக்கடைச் சீட்டை ஒரு இயந்திரக் குரல் நிதானமாக வாசிக்கிறது. அட்ரினலின், எண்டார்ஃபின் வரை போகிறது. 1998-இல் இதே பந்தயம் ஊக்கமருந்து விவகாரத்தில் நாறியது. ஆல்பம் வந்த வருடம் வென்ற லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பட்டங்களை 2012-இல் பறித்தார்கள். 2003-க்கு வெற்றியாளர் என்று இன்று யார் பெயரும் இல்லை. அவருக்கு 61 விநாடி பின்னால் வந்த ஜெர்மானியர் யான் உல்ரிச்சும் பிற்பாடு தன் ரத்த ஊக்கமருந்துக் கதையை ஒப்புக்கொண்டார். கிராஃப்ட்வெர்க் இதையெல்லாம் கிண்டல் செய்தார்களா, அப்பாவியாகப் பாடினார்களா? முகத்தில் எதுவும் தெரியாமல் பாடுவதுதான் அவர்கள் தொழில். இன்று அந்தப் பாட்டைக் கேட்டால் சிரிப்பும் வருகிறது, சங்கடமும் வருகிறது.

'எலெக்ட்ரோ கார்டியோகிராம்' பற்றி நீ ஒரு சொல் கூட எழுதவில்லை. எனக்கு ஆல்பத்தின் நடு எலும்பே அதுதான். ஹூட்டர் தனக்குச் செய்துகொண்ட மருத்துவப் பரிசோதனைகளில் பதிவான இதயத் துடிப்பையும் நுரையீரல் காற்றையும் இந்த ஆல்பத்துக்குப் பயன்படுத்தியதாகச் சொல்லியிருக்கிறார். இதை நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சமீபத்தில் என்னையும் நடைப்பொறியில் ஏற்றி ஓட வைத்தார்கள். பயப்படாதே, பெரிதாக ஒன்றுமில்லை, வயதுக்கு ஏற்ற அடைப்புகூட இல்லை என்றார் மருத்துவர். நெஞ்சில் ஒட்டிய வட்டங்கள் வியர்வையில் நழுவ நழுவ, தாதி மறுபடி மறுபடி அழுத்தி ஒட்டினார். பொறியின் சாய்வை அவர்கள் கூட்டிக்கொண்டே போக, திரையில் என் துடிப்பு பச்சைக் கோடாக ஓடியது. எனக்குள் ஓடியது இந்தப் பாட்டு. தாளம் முந்தியதா, நெஞ்சு முந்தியதா தெரியவில்லை, இரண்டும் ஒத்துப்போகவே இல்லை.

நீ சொல்லும் குறையில் நியாயமே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. 'டைட்டேனியம்' வெறும் இடைநிரப்பு. கடைசியில் வரும் தலைப்புப் பாடலின் புதிய வடிவம் அளவுக்கு மீறி இழைத்துத் தேய்த்தது. 1983-இன் அந்த முரட்டு மூச்சு அதில் இல்லை. அதைவிட முக்கியமான புகார் ஒன்று அந்தக் காலத்திலேயே எழுந்தது. 1982-இல் நியூயார்க்கில் 'பிளானட் ராக்' என்ற ஹிப்-ஹாப் பாட்டு இவர்கள் மெட்டையும் தாளத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு புதுத் தெருவையே திறந்தது. பிறகு டெட்ராய்டின் டெக்னோ இசை, பிறகு உலகம் முழுவதும். 2003-இல் மடிக்கணினி வைத்திருந்த எந்தப் பையனும் இவர்கள் ஒலியை உண்டாக்க முடிந்தது. இவர்களே மேடையில் நான்கு மடிக்கணினிகளுக்குப் பின்னால் நின்றார்கள். எதிர்காலத்தை முன்கூட்டிச் சொன்னவர்கள் இந்த முறை எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்றார்கள். உண்மைதான்.

ஆனால் வரிசையாக யோசித்துப் பார். 1974-இல் 'ஆட்டோபான்', அதில் கார். 1977-இல் ஐரோப்பாவைக் கடக்கும் ரயில். பிறகு ரோபோ, கணினி. எல்லாம் நாம் உட்கார்ந்திருக்கத் தானே இயங்கும் இயந்திரங்கள். சைக்கிளில் எஞ்சினே இல்லை. நீ மிதிப்பதை நிறுத்தினால் அது விழுந்துவிடும். முப்பது வருடம் தங்களை இயந்திரம் என்று சொல்லிக்கொண்ட இரண்டு பேர், அறுபதை நெருங்கும் வயதில், நுரையீரலையும் தசையையும் பற்றி ஓர் ஆல்பம் செய்தார்கள். காணாமல் போயிருந்த அந்த வருடங்களில் நிறையப் பகுதியைச் சைக்கிளில்தான் கழித்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள். ஜெர்மனியில் அவர்கள் ஆல்பம் ஒன்று விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது இதுதான் முதல் தடவை. 'ஆட்டோபான்' கூட அதைச் செய்யவில்லை.

அடுத்த ஆல்பம் எப்போது என்று கேட்டிருக்கிறாய். காத்திருக்காதே. ஷ்னைடர் 2008-இல் விலகினார், 2020 ஏப்ரலில் காலமானார். ஹூட்டர் 1946-இல் பிறந்தவர். நியூயார்க் அருங்காட்சியகத்தில் 2012-இல் எட்டு இரவுகளில் எட்டு ஆல்பங்களை வாசித்ததுபோல, அதே பாடல்களை மெருகேற்றிக்கொண்டே ஊர் ஊராகப் போகிறார். அது எனக்குக் குறையாகப் படவில்லை. 2017-இல் பந்தயமே டூசல்டார்ஃபிலிருந்து புறப்பட்டது, அங்கே அவர்கள் வாசித்தார்கள்.

ஒரு வேலை சொல்கிறேன். வேறு எதுவும் செய்யாமல் முன்னுரையிலிருந்து 'க்ரோனோ' முடியும் வரை ஒரே மூச்சில் கேள். பாடல் வரிசையைக் குலைத்துக் கேட்கும் உன் பழக்கம் இந்த ஆல்பத்துக்கு ஆகாது. முதல் இருமுறை அப்படித்தான் கேட்டிருப்பாய் என்று சந்தேகப்படுகிறேன். அதற்குப் பிறகும் பழைய தீர்ப்பே என்றால் எழுது, சண்டையைத் தொடர்வோம்.

உன் மகள் வேலை மாறியது பற்றி அரை வரிதான் எழுதியிருக்கிறாய், புது இடம் அவளுக்குப் பிடித்திருக்கிறதா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மருத்துவர் உன்னையும் சைக்கிள் மிதிக்கச் சொன்னார் என்று போன கடிதத்தில் இருந்தது, இந்தக் கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. மறைக்காமல் எழுது.

உன் பழைய நண்பன்