கோச்சின் கையில் இருக்கக் கூடாத முடிவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குற்றச்சாட்டுக்கு ஆளாகும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். புகார் வந்த அன்றே கல்லூரியை விட்டு விரட்ட வேண்டும் என்று ஒரு சாரார் எழுதியிருந்தார்கள். இருபது வயதுப் பையனின் எதிர்காலத்தை ஒரே இரவில் அழிக்கலாமா என்று மற்றவர்கள் கேட்டிருந்தார்கள். தண்டனை கடுமையாக இருக்க வேண்டுமா, மென்மையாக இருக்க வேண்டுமா என்பதிலேயே எல்லாரும் நின்றுவிட்டார்கள். முடிவெடுப்பது யார் என்பதை ஒருவரும் தொடவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

நான் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் நடத்துகிறேன். என் முதலாண்டு வகுப்பில் ஃபுட்பால் (நம் ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்), பாஸ்கட்பால், மல்யுத்த வீரர்கள் எப்போதும் இருப்பார்கள். விடியற்காலைப் பயிற்சி முடிந்து ஈரத்தலையோடு வந்து, முதல் பத்து நிமிடம் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே போராடுவார்கள். பெரும்பாலானவர்கள் நல்ல பிள்ளைகள். சில ஆண்டுகள் மாணவர் ஒழுங்கு விசாரணைக் குழுவிலும் இருந்திருக்கிறேன். அங்கே கேட்டது எதையும் வெளியே சொல்லக் கூடாது, இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஊருக்கே தெரிந்ததைச் சொல்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன் மீது புகார் வந்தால், 'இவர் இனி எங்கள் அணியில் இல்லை' என்று அன்று மாலையே ஒரு வரி அறிக்கை வந்துவிடும். அதே புகார் அணியின் நட்சத்திரம் மீது வந்தால், 'விசாரணை நடக்கிறது, அதற்கு மதிப்புக் கொடுப்போம்' என்பார்கள். சட்டப்படி இரண்டாவதுதான் சரியான பேச்சு. ஆனால் அந்தச் சரியான பேச்சு வேகமாக ஓடத் தெரிந்தவனுக்கு மட்டும் ஏன் கிடைக்கிறது?

பழைய உதாரணம் ஒன்று. 1995-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஃபுட்பால் அணியில் பந்தை ஏந்தி ஓடும் முன்னணி வீரர் லாரன்ஸ் ஃபிலிப்ஸ் தன் முன்னாள் காதலியைத் தாக்கிக் கைதானார். கோச் டாம் ஆஸ்போர்ன் அவரை முதலில் அணியிலிருந்து நீக்கினார். ஆறு ஆட்டங்கள் போனதும் திரும்பச் சேர்த்துக்கொண்டார். பெற்றோர் அரவணைப்பு இல்லாமல் காப்பகத்தில் வளர்ந்த பையன், அவன் வாழ்க்கையில் ஒழுங்கு என்று இருப்பதே ஃபுட்பால்தான், அதையும் பிடுங்கினால் என்ன ஆவான் என்பது ஆஸ்போர்னின் வாதம். 1996 ஜனவரி 2-ல் நடந்த ஃபியஸ்டா பவுல் ஆட்டத்தில் ஃபிலிப்ஸ் பந்தோடு 165 கஜம் ஓடினார், மூன்று டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்தால் கிடைக்கும் புள்ளி) எடுத்தார். நெப்ராஸ்கா 62-24 என்ற கணக்கில் ஃபுளோரிடாவை வென்று தேசிய சாம்பியன் ஆனது. அந்த ஆண்டே, தொழில்முறை அணிகள் வரிசையாகக் கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வில், ஓர் அணி அவரை ஆறாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அதன் பிறகு மீண்டும் வன்முறை, மீண்டும் வழக்குகள், கடைசியில் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனை. 2016 ஜனவரியில் கலிஃபோர்னியா சிறையில் இறந்தார்.

ஆஸ்போர்ன் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையன் மீது அவருக்கு உண்மையான அக்கறை இருந்தது என்றே நம்புகிறேன். சிக்கலே அங்கேதான். அக்கறையும் சாம்பியன் பட்டமும் ஒரே பக்கமாக இழுக்கும்போது, தன்னை எது இழுக்கிறது என்று இழுபடுகிறவருக்கே தெரியாது. அதனால்தான் அந்த முடிவு அவரிடம் இருந்திருக்கக் கூடாது.

இருபது ஆண்டு கழித்து பெய்லர் பல்கலைக்கழகத்தில் நடந்தது இதைவிட மோசம். பல வீரர்கள் மீது பாலியல் வன்முறைப் புகார்கள் வந்தன, சிலர் நீதிமன்றத்தில் தண்டனையும் பெற்றார்கள். பல்கலைக்கழகமே அமர்த்திய சட்ட நிறுவனம் 2016-ல் சொன்ன முடிவுகளைப் படித்துப் பாருங்கள். ஃபுட்பால் பிரிவைச் சேர்ந்தவர்கள் சில புகார்களில் தாங்களாகவே, பயிற்சி எதுவும் இல்லாமல், விசாரணை நடத்தியிருக்கிறார்கள். முறையான ஒழுங்கு விசாரணைக்குப் போகாமல் திருப்பிவிட்டும் இருக்கிறார்கள். கோச் வேலை இழந்தார், பல்கலைக்கழகத் தலைவரின் பதவியும் போனது. எல்லாம் வெளியே வந்த பிறகு!

சரி, அப்படியென்றால் புகார் வந்ததுமே விரட்டிவிடலாமா? அந்தக் கட்சிக்காரர்கள் டியூக் பல்கலைக்கழகத்தை மறந்துவிட்டார்கள். 2006-ல் அதன் லக்ராஸ் (வலை கட்டிய கோலால் பந்தை ஆடும் விளையாட்டு) அணியைச் சேர்ந்த மூன்று பேர் மீது பாலியல் வன்முறை வழக்கு. சீசன் ரத்தானது. கோச் பதவி விலக வைக்கப்பட்டார். 88 பேராசிரியர்கள் மாணவர் நாளிதழில் ஒரு விளம்பரம் கொடுத்தார்கள். அதில் யாரையும் குற்றவாளி என்று நேரடியாகச் சொல்லவில்லைதான், ஆனால் படித்த பலருக்கு அப்படித்தான் தொனித்தது. 2007 ஏப்ரலில் மாநில அட்டர்னி ஜெனரல் ராய் கூப்பர் வழக்கைக் கைவிட்டார், மூவரும் நிரபராதிகள் என்றே வெளிப்படையாக அறிவித்தார். அவர்களுக்குச் சாதகமான டிஎன்ஏ முடிவுகளை மறைத்த, முதலில் வழக்கை நடத்திய உள்ளூர் அரசு வழக்கறிஞர் வக்கீல் உரிமத்தையே இழந்தார். என் தொழிலில் இருக்கிறவர்கள், அதாவது பேராசிரியர்கள், எவ்வளவு படித்திருந்தாலும் கும்பலாகச் சேர்ந்தால் கும்பல் மாதிரிதான் நடந்துகொள்வோம் என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டாம்.

இன்னொன்றும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கிரிமினல் நீதிமன்றத்தில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். கல்லூரி விசாரணையில் பெரும்பாலும் அது தேவையில்லை. நடக்கவில்லை என்பதைவிட நடந்தது என்பதற்குச் சாத்தியம் கொஞ்சம் அதிகம் என்றால் போதும், ஐம்பது சதவீதத்தைத் தாண்டினால் சரி. கல்லூரிக்குச் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் இல்லாததால் இந்த அளவுகோலில் நியாயம் இருக்கிறது. ஆனால் புள்ளியியல்காரர் கண்ணால் பார்த்தால், அளவுகோலை இவ்வளவு தாழ்வாக வைத்தால் தவறான முடிவுகளும் கூடவே வரும், தவிர்க்க முடியாது. ஆகவே முதலில் எடுக்கும் நடவடிக்கை, தவறென்று தெரிந்தால் திருப்பித் தரக்கூடியதாக இருக்க வேண்டும். சீருடையை வாங்கி வைக்கலாம், திருப்பித் தரலாம். படிப்பைப் பாதியில் வெட்டி, ஸ்காலர்ஷிப்பைப் பறித்து, விடுதியை விட்டு அனுப்பினால் அதைத் திருப்பித் தருவது லேசில் நடக்காது. நம் கடிதக்காரர்கள் விளையாடுவதையும் படிப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். விளையாடுவது உரிமை இல்லை.

என் யோசனை இதுதான். கடுமையான வன்முறைக் குற்றத்துக்குப் போலீஸ் முறைப்படி வழக்குப் போட்டால், அன்றிலிருந்து அவர் ஆட்டத்தில் இறங்கக் கூடாது. முதல் அணியோ பெஞ்சோ, எல்லாருக்கும் ஒரே விதி. வகுப்பு, ஸ்காலர்ஷிப், சாப்பாடு, மனநல ஆலோசனை எல்லாம் தொடரட்டும். புகார் கொடுத்தவரின் பாதுகாப்புக்கு வேறு எதுவும் தேவையென்றால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். விளையாட்டுத் துறையோடு சம்பந்தமே இல்லாத குழு, குறித்த நாள்களுக்குள் இரு தரப்பையும் கேட்டு, தடை நீடிக்க வேண்டுமா என்று சொல்லட்டும். நிரபராதி என்றானால், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு இழந்த சீசனை அவருக்குத் திருப்பிக் கொடுக்கட்டும்.

இதற்கு எதிராக யாராவது இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பாஸ்கட்பால் வீரர் டெரன்ஸ் ஷானன் பெயரைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். 2023 டிசம்பரில் கான்சஸ் மாநிலத்தில் அவர் மீது பாலியல் வன்முறை வழக்குப் பதிவானது. பல்கலைக்கழகம் உடனே நிறுத்தி வைத்தது. அவர் நீதிமன்றம் போனார். தொழில்முறை வாய்ப்பும் வருமானமும் பாழாகும் என்ற வாதத்தை ஏற்று, 2024 ஜனவரியில் கூட்டாட்சி நீதிபதி அவரைத் திரும்ப ஆடவிட உத்தரவிட்டார். அதற்குள் ஆறு ஆட்டங்கள் போய்விட்டன. ஜூன் மாதம் ஜூரி அவரை விடுதலை செய்தது, சில நாள்களில் தொழில்முறை பாஸ்கட்பால் லீக்கான என்பிஏவின் அணி ஒன்று அந்த ஆண்டுத் தேர்வில் அவரை 27-வது ஆளாக எடுத்தது. என் விதிப்படி நடந்திருந்தால் அவர் அந்த சீசன் முழுவதையும்கூட இழந்திருக்கலாம். அது சின்ன இழப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் குறித்த நாள்களுக்குள் விசாரணை என்பதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். முன்னணி வக்கீலை அமர்த்தி நீதிமன்றம் போக அவரால் முடிந்தது. மல்யுத்த அணியில் பாதி ஸ்காலர்ஷிப்பில் இருக்கும் பையனால் முடியுமா?

2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடி டாலர். வீரர்கள் மீது இவ்வளவு பணம் போட்ட பிறகு, அவர்களில் ஒருவரை உட்கார வைக்கும் முடிவை அதே துறையிடம் விடுவது எவ்வளவு அபத்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வேறு கல்லூரிக்கு மாறுவதும் இப்போது எளிது. ஒரு கல்லூரியில் நீக்கப்பட்டவர் சத்தமில்லாமல் இன்னொரு கல்லூரியில் சேர்ந்துவிடுவதைத் தடுக்க, தென்கிழக்கு மாநிலக் கல்லூரிகளின் எஸ்இசி கூட்டமைப்பு 2015-லேயே விதி போட்டது. வன்முறைக்குத் தண்டனையோ விசாரணையோ இருந்தால் வீரர்கள் ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும் என்று 2022-23 கல்வியாண்டு முதல் என்சிஏஏவும் சொல்கிறது. ஆனால் தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதை அந்தந்தக் கல்லூரியிடமே விட்டுவிட்டது.

இரண்டாவது வாய்ப்பு பற்றி எழுதிய வாசகர்களில் ஒருவர்கூடப் புகார் கொடுத்த பெண்ணைப் பற்றி எழுதவில்லை. அவளும் அதே கல்லூரி மாணவிதான். இருவரும் ஒரே வகுப்பில் இருந்தால் யாராவது ஒருவர் மாற வேண்டும். விதிப்படி எந்தத் தரப்புக்கும் அநியாயமாகச் சுமை ஏற்றக் கூடாது. நடைமுறையில், வீரரின் கால அட்டவணை பயிற்சி நேரத்தைச் சுற்றிக் கட்டப்பட்டது, அசைக்க முடியாது என்று விளையாட்டுத் துறை சொல்லும். 'உனக்கு வேறு நேரம் பரவாயில்லையா?' என்று அவளிடம் அன்பாகக் கேட்பார்கள். அவளும் சரி என்பாள். அப்புறம் நூலகம், அப்புறம் சாப்பாட்டுக் கூடம், ஒவ்வொன்றாக அவள் இடம் சுருங்கும். சில பேர் அடுத்த பருவத்துக்குத் திரும்பி வருவதே இல்லை. அவர்களுக்கு எந்தக் கல்லூரியும் 'இரண்டாவது வாய்ப்பு' என்று அறிக்கை விடுவதில்லை.

குற்றம் நிரூபணமானவருக்கு வாய்ப்பே கூடாது என்பதல்ல என் கட்சி. ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி 2002 சீசனில் சாம்பியனாகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் மொரிஸ் கிளாரட். 2006-ல் கொள்ளை வழக்கில் சிறைக்குப் போனார், 2010-ல் வெளியே வந்தார். திரும்பவும் அதே பல்கலைக்கழகத்துக்கு வந்தார், மாணவராக. பிறகு தன் சொந்த ஊரான யங்ஸ்டவுனில் மனநலமும் போதை மீட்பும் சார்ந்த பணியில் இறங்கினார். அவருக்குக் கிடைத்த வாய்ப்புக்கு எந்தக் கோச்சின் தயவும் தேவைப்படவில்லை, கல்லூரி ஃபுட்பால் நடக்கும் சனிக்கிழமை ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தண்டனையை முடித்துவிட்டு வந்தவரை வகுப்பில் உட்கார வைக்க எனக்கு எந்தத் தயக்கமும் கிடையாது.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வார்த்தை. 2016-ல் ஸ்டான்ஃபோர்டு நீச்சல் வீரருக்குப் பாலியல் தாக்குதல் வழக்கில் ஆறே மாதச் சிறை விதித்த நீதிபதியை, 2018-ல் மக்கள் வாக்களித்துப் பதவி நீக்கினார்கள். அந்த வழக்குச் செய்திகளில் அவருடைய நீச்சல் நேரங்களையும் சேர்த்துப் போட்ட பத்திரிகைகள் உண்டு. உங்கள் கட்டுரையிலும் ஒவ்வொரு வீரரின் பெயருக்குப் பக்கத்தில் அவர் எடுத்த புள்ளிகள் இருந்தன. குற்றச்சாட்டுச் செய்திக்கு அவை எதற்கு?

உங்கள் வாசகர்களில் பலருடைய பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள், சிலர் டென்னிஸ், ஸ்குவாஷ் என்று கல்லூரி அணிகளிலும் சேர்கிறார்கள். கல்லூரியைப் பார்க்க வரும்போது விடுதியையும் உணவையும் பற்றி விசாரிப்பதோடு இதையும் கேளுங்கள்: வீரர் ஒருவர் மீது வன்முறைப் புகார் வந்தால் அவரை ஆட்டத்திலிருந்து நிறுத்துவது யார்? விளையாட்டு மாணவர்களுக்கான கையேட்டில் அது எழுதியிருக்க வேண்டும். 'தலைமைக் கோச்சின் விருப்புரிமை' என்று இருந்தால், அந்தக் கோச்சின் ஒப்பந்தத்தில் வெற்றிக்குப் போனஸ் எவ்வளவு என்றும் பாருங்கள். மாநிலப் பல்கலைக்கழகமாக இருந்தால் பெரும்பாலும் அது பொது ஆவணம், கேட்டால் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
புள்ளியியல் பேராசிரியர் ஒருவர், அமெரிக்கா
(விசாரணைக் குழுவில் இருந்ததால் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)