சூனியக்காரி அலமாரி கேட்ட பெண்ணுக்கு

அன்புள்ள பாப்பு,

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு உன் அம்மா போன் செய்தாள். "அக்கா, இவ புஸ்தக அலமாரிய சூனியக்காரி வீடு மாதிரி பண்ணப்போறாளாம். வாடகை வீடு. ஹவுஸ் ஓனர் பாத்தா என்ன நினைப்பாரு?" அவளைச் சமாதானப்படுத்திவிட்டு நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பாசி, காளான், காய்ந்த லாவெண்டர் கொத்து, பிறை நிலா, கண்ணாடிக் குப்பிகள், மங்கலான விளக்கு, நடுவில் நாலே நாலு புத்தகம். உன் அம்மாவிடம் சொல்லாதே, எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் அது குளிர்தேசத்து அழகு. அந்தச் சிவப்புத் தொப்பிக் காளான் பிர்ச், பைன் மரங்களின் காலடியில் முளைப்பது. உனக்குக் கிடைக்கப்போவது அதன் பிளாஸ்டிக் பொம்மை. பாசி இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்றே பிழிந்தால் தண்ணீர் வரும். அதில் ஈரம் குடிக்கும் ஒன்றைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ராமபாணப் பூச்சிக்குப் பந்தி விரித்த மாதிரி.

உன் அம்மாவின் பயத்தையும் முழுசாகச் சிரித்து ஒதுக்க முடியவில்லை. சூனியக்காரி என்ற சொல் நம் நாட்டில் இன்னும் விளையாட்டுச் சொல் ஆகவில்லை. 2021ல் பத்மஸ்ரீ வாங்கிய ஜார்க்கண்ட் பெண்மணி சுட்னி மஹதோவை ஒரு காலத்தில் ஊரே அப்படிச் சொல்லித்தான் வதைத்தது. பிறகு அவர் அதே பழி விழுந்த மற்றப் பெண்களைக் காப்பாற்றப் புறப்பட்டார். அதனால் மண்டையோடு, ஊசி குத்திய பொம்மை எல்லாம் உன் அலமாரிக்கு வேண்டாம். மூலிகை தெரிந்த கிழவி ஒருத்தி புத்தகமும் படித்தால் அவள் அலமாரி எப்படி இருக்குமோ, அப்படிச் செய்.

சாமானுக்கு நீ கடைக்கே போக வேண்டாம். முப்பத்தோரு வருஷம் தாவரவியல் நடத்தியவள் சொல்கிறேன், தெருவில் கிடக்கிறது. வாகை நெற்றை உலுக்கினால் கிலுகிலுப்பை. சரக்கொன்றை நெற்று ஒரு முழம் நீளத்துக்குக் கறுத்து, மந்திரக்கோலாகவே மரத்தில் தொங்கும். மகாகனிக் காய் வெடித்தால் உள்ளே இறக்கை முளைத்த விதைகள் அடுக்கடுக்காக இருக்கும். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது தேள்கொடுக்கு. புலிநகம் என்றும் சொல்வார்கள். குப்பைமேட்டில் வளரும் செடிதான். காய் காய்ந்து தோல் உரிந்ததும் கறுப்பாக இரண்டு வளைந்த கொக்கிகளோடு ஒரு கொட்டை மிஞ்சும். எந்த வெளிநாட்டு மந்திரவாதிக்கும் குறையாத சாமான். கவிதைப் புத்தக வரிசையின் ஓரத்தில் இரண்டு வை, போதும்.

அரச இலையைத் தண்ணீரில் மூன்று நாலு வாரம் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் பச்சையெல்லாம் போய் நரம்பு மட்டும் வலையாக நிற்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும், பால்கனியில் வைத்துச் செய். மயிலிறகு என்னிடம் இருக்கிறது. உன் அம்மா நாலாவது படிக்கும்போது அது குட்டி போடும் என்று பென்சில் சீவலும் அரிசியும் போட்டு வரலாற்றுப் புத்தகத்துக்குள் பொத்தி வைத்திருந்தாளே, அதேதான். இப்போது பயப்படுகிறாளாம்! மயில் தானாக உதிர்த்த இறகை வைத்துக்கொள்வதில் சட்டச் சிக்கல் இல்லை. கடலோரக் கடைகளில் பவளப்பாறைத் துண்டோ காய்ந்த கடல்குதிரையோ யாராவது நீட்டினால் மட்டும் வாங்காதே. இரண்டும் 1972 வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.

பொறுக்கி வந்ததை அப்படியே அடுக்கிவிடாதே. நெற்றுக்குள் வண்டு இருக்கும். இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, பாலிதீன் பையில் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் போடு.

இனி, பின்பக்கம். உன் அலமாரி லேமினேட் ஒட்டியது, சாயம் பிடிக்காது. பின்பலகைக்கு ஒரு பருத்தித் துணியை வெட்டி, ஓரத்தில் இருபுறமும் ஒட்டும் டேப் வைத்து மாட்டு. வீடு காலி செய்யும்போது உரித்துக்கொள்ளலாம். அந்தத் துணியில்தான் நீ நிஜமாகவே மாயம் செய்யப்போகிறாய். துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் இரண்டு மூன்று வாரம் ஊறவை. இன்னொரு பக்கம் கடுக்காய்ப் பொடியும் பாலும் கலந்த நீரில் துணியை முக்கிக் காயவைத்தால் வெளிறிய மஞ்சளாகும். அதன்மேல் இரும்புத் தண்ணீரைத் தொட்டுக் கோடு இழு. தொட்ட இடம் கண்ணெதிரே கறுக்கும். கடுக்காயில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. துணியில் கையால் வரையும் கலம்காரி ஓவியத்தின் கறுப்பு இப்படித்தான் பிறக்கிறது. 2021ல் புவிசார் குறியீடு வாங்கிய கருப்பூர் கலம்காரியும் இந்த வழிதான். முதல்முறை எனக்குக் கோடு கசிந்து நிலா வரைந்தது தோசை மாதிரி ஆனது. பரவாயில்லை, வளைந்த நிலா உன் பாணிக்கு இன்னும் பொருந்தும்.

குப்பிகளுக்கு வருகிறேன். ஒன்றில் குன்றிமணி போடலாம் என்று நினைத்தேன். சிவப்பும் கறுப்பும் அப்படி ஒரு அழகு, பிள்ளையாருக்குக் கண் வைப்பதே அதில்தான். ஆனால் மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூடியை மெழுகு வைத்து அடைத்துத்தான் அனுப்புகிறேன், திறக்காதே. ஊமத்தங்காய் முள்ளுருண்டை வேண்டும் என்று கேட்டிருந்தாய். அது வேண்டாம். ஐரோப்பியச் சூனியக்காரிகளும் நம் சிவன் கோயில் பூக்கட்டுகிறவர்களும் ஒரே செடிக் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டது எனக்கும் ஆச்சரியம்தான். இருந்தாலும் அதுவும் விஷம், உன் பூனை எதையும் உருட்டித் தள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சாமான் உண்டு. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு பொட்டலம் வைப்பார்கள். வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, மிளகு, கிராம்பு எல்லாம் பொடித்து, கற்பூரம் சேர்த்து, சின்னத் துணியில் முடிந்தது. படித்துப் பார், எந்தச் சூனியக்காரியின் செய்முறையும் இதைவிட நன்றாக இருக்காது. அதுவும் வசம்பு! விளக்கில் சுட்டு குழந்தைக்கு உரசுவார்கள், கையில் வளையலாகக் கட்டுவார்கள், அதனால் பிள்ளை வளர்ப்பான் என்று பேர். (உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள், சரிதான்.) பொழுது சாய்ந்த பிறகு அதன் பேரையே உச்சரிக்க மாட்டார்கள். என் பாட்டி கடைக்கு அனுப்பும்போது "பேர் சொல்லாதது ரெண்டு துண்டு" என்றுதான் சொல்லி விடுவாள். கடைக்காரரும் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுப்பார்.

உனக்காகப் பத்து முடிச்சு கட்டிவிட்டேன். பூனைக்குக் கற்பூரமும் கிராம்பும் ஆகாது என்பதால் இரண்டையும் விட்டுவிட்டேன். முடிச்சுகளைத் தட்டுக்கு இரண்டாக, புத்தகங்களுக்குப் பின்னால், பூனையின் கை எட்டாத ஆழத்தில் வை. மூன்று மாதத்தில் வாசனை குறையும், அப்போது மாற்று. மெழுகுவத்தி கூடவே கூடாது. பேட்டரியில் எரியும் சீரியல் பல்பை மேல்தட்டில் சுற்றிக்கொள். புத்தகத்தையும் நாலோடு நிறுத்தாதே, உன்னிடம் இருக்கும் அத்தனையும் அடுக்கு. பொருளுக்கு இடம் போதாவிட்டால் பொருளைக் குறை.

பார்சல் வியாழக்கிழமை வந்துவிடும். கூரியர்காரர் எங்கள் பக்கம் எப்போதும் இருட்டியபிறகுதான் கதவைத் தட்டுவார், உங்கள் பக்கமும் அப்படித்தான் என்று உன் அம்மா சொன்னாள். பெட்டியைப் பார்த்ததும் உள்ளே என்ன வாசனை என்று கேட்பாள். பேர் சொல்லாதது என்று மட்டும் சொல். அவளும் அந்தப் பாட்டியின் பேத்திதான், புரிந்துகொள்வாள்.

அன்புடன்,
பெரியம்மா