நீல டப்பா

அன்புள்ள தம்பிக்கு,

நாளை அம்மா கொண்டுவரும் நீல டப்பாவைச் சமையலறை மேல் அலமாரியில் வை. கீழே வேண்டாம், பாப்பா தவழ்ந்து போய் எடுத்துவிடுவாள். தேக்காவில் அலைந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கினேன். வெப்பமானி, கட்டுத்துணி, பிளாஸ்திரி, மருந்து அளக்கிற ஊசியில்லாத சிரிஞ்சு எல்லாம் இருக்கிறது. காய்ச்சல் மருந்தைச் சாப்பாட்டு ஸ்பூனால் அளக்காதே, ஒவ்வொரு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. பாப்பாவின் எடைக்கு டாக்டர் சொன்ன அளவைத் தாளில் எழுதி மூடிக்குள் ஒட்டு. கொடுத்த நேரத்தையும் எழுது. நீயும் மருமகளும் மாறி மாறி வேலைக்குப் போகிறவர்கள். ஒருவர் கொடுத்தது தெரியாமல் மற்றவர் கொடுத்துவிடக் கூடாது.

போன வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று உன் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஈசூனுக்கும் பொங்கோலுக்கும் அப்படி என்ன தூரம்? சரி, வேலை இருந்திருக்கும்.

நீ தேசிய சேவையில் மெடிக்காக இருந்தவன். அந்தச் சீருடைப் படம் இன்னும் ஹாலில்தான் இருக்கிறது, வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவேன். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கேள். சுடுதண்ணீர் பட்டால் உடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டு. ஐஸ், பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம், அம்மாவே சொன்னாலும் வேண்டாம். பிளாஸ்க்கை மேசை ஓரத்தில் வைக்காதே.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை. கை காலை அழுத்திப் பிடிக்காதே. கடிகாரத்தைப் பார். பெரும்பாலும் சில நிமிடத்தில் தானாக நின்றுவிடும். 5 நிமிடம் தாண்டினால் 995க்கு அடித்து ஆம்புலன்ஸைக் கூப்பிடு. நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டு, கேகே மருத்துவமனையில் குழந்தைகள் அவசரப் பிரிவு ராத்திரியும் திறந்திருக்கும். வாயில் எதையும் வைக்காதே. ஸ்பூனை வைக்காதே, தம்பி.

உன் கீழுதட்டில் இருக்கிற தழும்பு விழுந்து வந்ததில்லை.

1991இல், அம்மாச்சி இறந்து அம்மா ஊருக்குப் போயிருந்தாள். உனக்கு அப்போது 14 மாதம், பாஸ்போர்ட் எடுக்கவில்லை. தோ பாயோ வீட்டில் நீயும் நானும்தான். நடுராத்திரி உடம்பு நெருப்பாய்க் கொதித்தது, கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. நாக்கைக் கடித்துக்கொள்வாய் என்று எவர்சில்வர் ஸ்பூனை எடுத்து உன் வாய்க்குள் திணித்தேன். உதடு கிழிந்து என் பனியனெல்லாம் ரத்தம். எவ்வளவு நேரம் இழுத்தது என்று டாக்டர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அம்மா வந்ததும், கட்டில் விளிம்பில் இடித்துக்கொண்டான் என்றேன். தாயைப் பறிகொடுத்துவிட்டு வந்தவளிடம் வலிப்பைப் பற்றிச் சொல்ல மனம் வரவில்லை. அப்புறம் சொல்ல வாய் வரவில்லை. இது குடும்பத்தில் தொடரக்கூடியது, அப்பனுக்கு வந்திருந்தால் பிள்ளைக்கும் வரலாம் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். பாப்பாவின் டாக்டரிடம் இதைச் சொல்லிவிடு. நான் சொல்லாமல் விட்டதற்குப் பாப்பா பாடுபடக் கூடாது.

அம்மாவிடம் இன்று ராத்திரி சொல்லிவிடுகிறேன். நாளை தெரிந்துகொண்டுதான் வருவாள்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா? ஒரு வரி அனுப்பு.

அப்பா