அந்த ஃப்ரிட்ஜ் கதவை கொஞ்சம் தூக்கித்தான் சாத்தணும்

எல்லாருக்கும் வணக்கம்ங்க.

இந்த மாசக் கடைசியில நாங்க மான்செஸ்டர் பக்கத்துல இருக்கற இந்த ரோச்டேலை விட்டுக் கிளம்பறோம். எனக்கு லீட்ஸ்ல புது வேலை, வீடும் பாத்தாச்சு, பொண்ணுக்கு ஸ்கூலும் கெடச்சிருச்சு. மூணு வருஷம் இங்க இருந்திருக்கோம், அதுல மொத வருஷத்தை எப்படித் தாண்டினோம்னு நெனச்சாலே வயித்தப் பெசையுது. தாண்ட வெச்சது இந்த ஊர் ஜனங்க நீங்கதான். உங்கள்ல பாதிப் பேரோட பேர் கூட எனக்குத் தெரியாது, மொகம் மட்டும்தான் தெரியும், அதனால பேர் போடாம எழுதறேன், படிக்கறப்ப இது நான்தான்னு உங்களுக்கே தெரியும். மனசுல இருக்கறது தமிழ்லதான் முழுசா வருது, அதான் தமிழ்ல எழுதறேன். ஞாயித்துக்கிழமை சர்ச் ஹால்ல என் பொண்ணு இதை இங்கிலீஷ்ல மாத்தி உங்களுக்கு வாசிச்சுக் காட்டுவா. அதோட நம்ம ஊர்லருந்து புதுசா வந்து எங்கள மாதிரியே முழிச்சிட்டு இருக்கறவங்க யாராவது இருந்தா அவங்களும் படிக்கட்டும்.

நாங்க வந்தது 2022 செப்டம்பர்ல. நான் கோயம்புத்தூர்ல நர்சிங் படிச்சவ, வயசானவங்கள வீட்டுக்குப் போயி பாத்துக்கற வேலைக்கான கேர் விசால வந்தேன், நகையெல்லாம் வித்து ஏஜென்ட்டுக்குக் கொடுத்தோம். வாரத்துக்கு 39 மணி நேரம் வேலைன்னு பேப்பர்ல இருந்துச்சு, வந்து பாத்தா 10 மணி நேரம் 12 மணி நேரம்தான் கொடுத்தாங்க, அதுவும் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவுல பஸ்ஸுல போற நேரத்துக்குக் காசு கிடையாது. எந்த கம்பெனின்னு இங்க எழுதல, அது வேற கணக்கு. எங்க வீட்டுக்காரருக்கு வேர்ஹவுஸ்ல ராத்திரி ஷிஃப்ட், அதுவும் கூப்பிட்டாத்தான் உண்டு. அப்ப விசா கார்டுலயே பப்ளிக் ஃபண்ட்ஸ், அதாவது அரசாங்க உதவிப் பணம், கிடையாதுன்னு அச்சடிச்சிருந்துச்சு, அதைப் பாத்துப் பாத்தே பயந்து கெடந்தோம், எதைத் தொட்டாலும் விசா போயிரும்னு. கரண்ட் மீட்டருக்கு மூலைக்கடையில போயி அஞ்சு பவுண்டு அஞ்சு பவுண்டா டாப் அப் பண்ணுவோம், அது ஹீட்டர் போட்டா ரெண்டு நாளைக்குக் கூட வராது.

மொதல்ல அந்த ஃப்ரிட்ஜ். நவம்பர் மாசம், பொண்ண ஸ்கூல்லருந்து கூட்டிட்டு வர்ற வழியில சர்ச் ஹால் பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கும், உள்ள ஒரு பெரிய ஃப்ரிட்ஜ், மேல யார் வேணா எடுக்கலாம் யார் வேணா வைக்கலாம்னு எழுதியிருக்கும். மூணு நாள் அந்த வழியாப் போயும் உள்ள போகல. சும்மா கொடுக்கறாங்கன்னா எங்கயோ ஒரு கையெழுத்து கேப்பாங்கன்னுதான் தோணுச்சு. நாலாவது நாள் நல்ல மழை, வாசல்ல ஒதுங்கினோம். நீலக் கலர் மழைக்கோட்டு போட்ட அம்மா, உங்களத்தான் சொல்றேன், நீங்க ஒரு முட்டைகோசும் ஒரு டப்பா காளானும் என் கையில கொடுத்துட்டு, இதை எடுத்துட்டுப் போயி ஒத்தாசை பண்ணும்மா, இல்லன்னா நாளைக்குக் குப்பைக்குத்தான் போகும்னு சொன்னீங்க. நான் உங்ககிட்ட வாங்கிக்கற மாதிரி இல்லாம உங்களுக்கு நான் உதவி பண்ற மாதிரி சொன்னீங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தைக்கு நான் வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல கதவைச் சாத்திட்டு அழுதேன். அன்னிக்கு ராத்திரி முட்டைகோஸ் பொரியலும் சோறும். பொண்ணு ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.

பின்னாடி நானும் ஃப்ரிட்ஜைப் பாத்துக்கற திங்கக்கெழமை சாயந்திர ஷிஃப்ட்ல சேந்தப்பறந்தான் இதுக்குப் பின்னாடி எவ்வளவு யோசனை இருக்குன்னு தெரிஞ்சுது. 2016ல சாமர்செட்ல ஃப்ரோம்ங்கற சின்ன டவுன்லதான் இந்த நாட்டோட மொத கம்யூனிட்டி ஃப்ரிட்ஜ் வந்துச்சாம், அப்பறம் ஊர் ஊரா பரவிருச்சு. இதை ஏழைங்களுக்கான ஃப்ரிட்ஜ்னு யாரும் சொல்றதில்ல, சாப்பாடு வீணாகக் கூடாதுன்னு வெச்சதுன்னுதான் சொல்லுவாங்க, அதனால கார்ல வந்து எறங்கறவங்களும் எடுப்பாங்க, எங்கள மாதிரி ஆளுங்களும் எடுப்போம், பாக்கறவங்களுக்கு யார் இல்லாதவங்கன்னே தெரியாது. வருமானம் என்னன்னு கேக்கறதில்ல, ஃபார்ம் கிடையாது. ஆனா சாப்பாட்டு விஷயத்துல மட்டும் அவ்வளவு கண்டிப்பு. யூஸ் பைன்னு போட்ட தேதி தாண்டினா சாப்பிடறது ஆபத்து, எடுத்துரணும், பெஸ்ட் பிஃபோர்னு போட்டது தாண்டினா ருசிதான் கொஞ்சம் கொறையும், பரவால்ல, நாமளே சமைக்காத இறைச்சியோ வீட்டுச் சமையலோ கொண்டு வந்து வைக்கக் கூடாது, டெம்பரேச்சர் எத்தனைன்னு பாத்து நோட்டுல எழுதணும். சூப்பர் மார்க்கெட் மூடற நேரத்துக்கு உங்கள்ல யாராவது ஒருத்தர் சொந்தக் கார்ல போயி மிச்சத்தை வாங்கிட்டு வருவீங்க, பெட்ரோல் காசு கூட கேட்டு நான் பாத்ததில்ல.

டிசம்பர்ல ஸ்கூல் லீவு விட்டப்பதான் ரொம்ப முடியாமப் போச்சு. இங்கிலாந்துல ரெண்டாம் வகுப்பு வரைக்கும் எல்லாக் கொழந்தைக்கும் மத்தியானச் சாப்பாடு ஃப்ரீ, 2014லருந்து அப்படித்தான், எங்க சத்துணவு மாதிரின்னு வெச்சுக்கங்க. ஆனா லீவுல? அந்த ரெண்டு வாரம் நெனச்சே எனக்குத் தூக்கம் போச்சு. ஸ்கூல் ஆபீஸ்ல இருந்த அம்மா, நான் வாயத் தொறந்து கேக்காமயே, இல்லாதவங்களுக்குச் சும்மா மளிகை கொடுக்கற ஃபுட் பேங்க்கோட வவுச்சரை ஒரு கவர்ல போட்டு, வேற ஏதோ ஃபார்ம் கொடுக்கற மாதிரி கொடுத்தீங்க. அதை எடுத்துட்டுப் போகவும் பயந்தேன், விசாக்கு எதாச்சும் ஆயிருமோன்னு. சிட்டிசன்ஸ் அட்வைஸ்ங்கற இலவச ஆலோசனை ஆபீஸ்ல, வேலையிலருந்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் ஒரு மணி நேரம் உக்காந்து பொறுமையா சொன்னார், ஃபுட் பேங்க் பப்ளிக் ஃபண்ட்ஸ்ல வராது, அது ஜனங்க கொடுக்கறது, தாராளமா போலாம்னு. தயவு செஞ்சு புதுசா வர்றவங்க இதைத் தெரிஞ்சுக்கங்க, எத்தனையோ நம்மாளுங்க இந்த ஒரு பயத்துல பட்டினி கெடக்கறாங்க. அவர்தான் வேற ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேத்துக்கற வேற கம்பெனி, தேடலாம், அதுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னும் யார்கிட்ட கேக்கணும்னும் சொன்னார். ரெண்டாம் உலகப் போர் ஆரம்பிச்ச ஒடனே, 1939 செப்டம்பர்ல 200 எடத்துல தொறந்த சேவையாம் இந்த சிட்டிசன்ஸ் அட்வைஸ், இன்னிக்கும் பெரும்பாலும் வாலன்டியர்ங்கதான் ஓட்டறாங்க. ஐயா, உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைங்க.

ஃபுட் பேங்க்ல மூணு நாளைக்கு ஆகற சாமான் கொடுத்தாங்க. அங்க டீ போட்டுக் கொடுத்த அக்காதான் இது எப்படி வந்துச்சுன்னு சொன்னாங்க. 2000ல சாலிஸ்பரில ஒரு தாய் ஃபோன் பண்ணி, என் பிள்ளைங்க இன்னிக்குப் பசியோட தூங்கப் போறாங்க, அதுக்கு நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டிருக்காங்க. கேட்டது பாடி ஹென்டர்சன்னு ஒருத்தர்கிட்ட. அவரும் அவர் மனைவி கேரலும் அதுக்கு முன்னாடி பல்கேரியாவுல ரயில்வே ஸ்டேஷன்ல தூங்கற பசங்களுக்கு உதவிட்டு இருந்தவங்க, சொந்த ஊர்லயே பசி இருக்குன்னு அப்பதான் ஒறச்சிருக்கு. வீட்டுத் தோட்டத்து ஷெட்லயும் கராஜ்லயும்தான் ஆரம்பிச்சாங்க. 2023-24ல மட்டும் அவங்க ஆரம்பிச்ச டிரஸ்ஸல்ங்கற அமைப்போட ஃபுட் பேங்குங்க 31 லட்சம் பார்சல் கொடுத்திருக்கு. இதைச் சொல்றப்ப அந்த அக்கா பெருமையாச் சொல்லல, அவங்க கண்ணுல தண்ணி. நாங்க இருக்கற தேவையே இல்லாமப் போகணும், அதுதான் எங்க ஆசைன்னாங்க. நானும் அதேதான் சொல்லுவேன். வேலை செய்யறவங்களுக்கே சோத்துக்கு வழி இல்லங்கறது அரசாங்கம் பாத்து சரி பண்ண வேண்டிய விஷயம், ஜனங்க அவங்க பங்குக்கு மேலயே பண்ணிட்டாங்க.

லீவுல பசங்க பட்டினி கெடக்கறதுன்னதும் ஃபுட்பால் ஆடற மார்கஸ் ராஷ்ஃபோர்டும் ஞாபகம் வர்றார். நம்ம மான்செஸ்டர் விதன்ஷா பையன், 2020 ஜூன்ல 22 வயசுல எம்பிங்களுக்கு லெட்டர் எழுதினார், எங்கம்மா முழு நேர வேலை பாத்தும் வீட்டுல சாப்பாடு பத்தாதுன்னு. மொதல்ல முடியாதுன்ன கவர்ன்மென்ட் அடுத்த நாளே எறங்கி வந்துச்சு, சுமார் 13 லட்சம் பிள்ளைங்களுக்கு அந்தக் கோடை லீவுல சாப்பாட்டு வவுச்சர். எங்க வீட்டுக்காரர் ஃபுட்பால் பாக்கறதே அதுக்கப்பறந்தான்.

யூனிஃபார்ம் கொடுத்த அம்மாக்களுக்கும் நன்றி. ஸ்கூல் கேட்டுக்குப் பக்கத்துல ஹேங்கர்ல மாட்டி வெச்சு, ஒண்ணு எடுத்துட்டு ஒண்ணு வையுங்கன்னு சொல்லுவீங்க, எங்ககிட்ட வைக்க ஒண்ணும் இல்லாதப்பவும் யாரும் எண்ணிப் பாக்கல. அந்தக் குளிர்ல லைப்ரரில வார்ம் ஸ்பேஸ்னு, குளிருக்கு ஒதுங்கற எடம்னு போட்டு சூப்பு கொடுத்தவங்களுக்கும் நன்றி, என் பொண்ணு இங்கிலீஷ் படிக்கக் கத்துக்கிட்டதே அந்த ஹீட்டர் பக்கத்துலதான்.

இப்ப சொல்லப்போறதை எங்கம்மாகிட்ட கூட சொன்னதில்ல. ஜனவரில ஒரு ராத்திரி, ரெண்டு மணி இருக்கும், அவர் ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தார், பொண்ணு தூங்கறா, ஊர்லருந்து கடன்காரங்க மெசேஜ், எனக்கு வாழவே வேண்டாம்னு ஆயிருச்சு. 116 123ன்னு பஸ்ல ஒட்டியிருந்த சமாரிட்டன்ஸ் ஹெல்ப்லைன் நம்பர் ஞாபகம் வந்து அடிச்சேன். அந்தப் பக்கம் இருந்தவர் புத்தி எதுவும் சொல்லல. முக்கா மணி நேரம் என் ஒடஞ்ச இங்கிலீஷைக் கேட்டார். நடுவுல நான் அழுதுட்டே தமிழ்ல பேச ஆரம்பிச்சிட்டேன், அதையும் கேட்டார். எப்படியோ அந்த ராத்திரி தாண்டி விடிஞ்சிருச்சு. நீங்க யாருன்னு எனக்கு எப்பவும் தெரியப்போறதில்ல, ஆனா என் பொண்ணுக்கு அம்மா இருக்கான்னா அதுல உங்க பங்கு இருக்கு.

அந்த சமாரிட்டன்ஸ் 1953ல லண்டன்ல சாட் வாராங்கற பாதிரியார் ஆரம்பிச்சது. அவரைப் பாக்க வர்றவங்க காத்திருக்கற நேரத்துக்கு டீ கொடுத்துப் பேசிட்டு இருக்க சாதாரண ஜனங்க சிலரை உக்கார வெச்சிருந்தாராம், அவங்ககிட்ட பேசினதுலயே பல பேர் மனசு லேசாகி பாதிரியாரைப் பாக்காமயே திரும்பிப் போயிருக்காங்க. அதைப் பாத்துட்டு அந்த டீ கொடுத்தவங்ககிட்டயே சேவையை ஒப்படைச்சிட்டார். இதைப் படிச்சப்ப எனக்கு நம்ம கஃபேல இருக்கற பேச்சு மேசைதான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

பேச்சு மேசைன்னா, கஃபேல ஒரு மேசை மேல சின்ன போர்டு இருக்கும், பேசத் துணை வேணும்கறவங்க இங்க உக்காரலாம்னு. இதுவும் பக்கத்துல ஓல்டமுக்காரங்க யோசனைதான். 2017ல அலெக்ஸாண்ட்ரா ஹாஸ்கின்னு ஒரு அம்மா கைக்கொழந்தையோட கஃபேக்குப் போயிருக்காங்க, அங்க ஒரு வயசானவங்க தனியா, இன்னொரு மேசைல வேற ஒருத்தர் வாடிப் போயி, ஏன் நாம எல்லாரும் ஒரே மேசைல ஒக்காரக் கூடாதுன்னு தோணியிருக்கு. அவ்வளவுதான் விஷயம். எனக்கு அந்த மேசைல கெடச்சவர் எங்க மில்லு தாத்தா. சின்ன வயசுலயே பஞ்சாலையில வேலைக்குப் போனவர். நான் கோயம்புத்தூர்ன்னதும், எங்க ஊரைத் தென்னிந்தியாவோட மான்செஸ்டர்னு சொல்லுவாங்கன்னு சொன்னேன், அவருக்கு ஒரே சந்தோஷம். எங்க அப்பத்தாவோட அண்ணன் மில்லுல ஸ்பின்னிங்ல இருந்தவர், காது மந்தம், சத்தமாத்தான் பேசுவார்னேன். இவருக்கும் மெஷின் சத்தத்துல காது போயிருக்கு, இங்க மில்லுல உதட்டசைவ வெச்சே பேசிக்குவாங்களாம். வாராவாரம் புதன்கெழமை பதினொரு மணிக்கு ரெண்டு பேரும் உக்காருவோம். லங்காஷயர் பேச்சு எனக்குப் புரிய ஆரம்பிச்சது அவராலதான், ஏப்ரல்ல புது கேர் ஹோம் இன்டர்வியூல தைரியமா வாயத் தொறந்ததும் அவர் பேசப் பழக்குனதாலதான். தாத்தா, புதன்கெழமை ஃபோன் பண்ணுவேன், காதுல மெஷினை மாட்டிக்கங்க.

அவர்தான் என்னையும் பொண்ணையும் இதே ரோச்டேல்ல டோட் லேன்ங்கற தெருவுல மியூசியமா இருக்கற பழைய கூட்டுறவுக் கடைக்குக் கூட்டிட்டுப் போனார். 1844 டிசம்பர் 21, குளிர் காலம், 28 பேர், அதுல பல பேர் நெசவாளிங்க, ஆளுக்கு ஒரு பவுண்டு சேத்து வெச்சு ஒரு கடை போட்டாங்க. வெண்ணெய், சக்கரை, மாவு, ஓட்ஸ் இதுதான் சரக்கு. அப்பல்லாம் கடைக்காரங்க மாவுல கலப்படம் பண்ணுவாங்களாம், இவங்க சுத்தமான சரக்கு, சரியான எடை, ஆளுக்கு ஒரு ஓட்டு, லாபத்தை வாங்கற அளவுக்குத் தகுந்த மாதிரி உறுப்பினர்களுக்கே பிரிச்சுக் கொடுக்கறதுன்னு வெச்சாங்க. ஊர்ல எங்க தெருமுனை ரேஷன் கடையில கூட்டுறவு சங்கம்னு போர்டு இருக்கும், எத்தனை வருஷம் அதுக்குக் கீழ பை எடுத்துட்டு வரிசையில நின்னிருக்கேன், அந்த வார்த்தையோட வேர் ஒண்ணு இந்தச் சின்னக் கடை வரைக்கும் வருதுன்னு இங்க வந்துதான் தெரிஞ்சுது. ரொம்ப நேரம் அந்தத் தராசையே பாத்துட்டு நின்னேன்.

போன வருஷம் டோட்மார்டனுக்கு ரயில் ஏத்தி விட்டதும் நம்ம ஃப்ரிட்ஜ் கூட்டம்தான். 2008ல பாம் வார்ஹர்ஸ்ட், மேரி கிளியர்னு ரெண்டு அம்மாக்களும் அக்கம்பக்கத்துக்காரங்களும் ஊர்ல சும்மா கெடந்த மண்ணுலல்லாம் காய்கறி போட ஆரம்பிச்சாங்களே, அந்த ஊர். போலீஸ் ஸ்டேஷன் முன்னாடி, ஹெல்த் சென்டர் வாசல்ல, ரயில்வே ஸ்டேஷன்ல கூட. பொண்ணு புதினாவைத் தொட்டுட்டு திட்ட மாட்டாங்களான்னு கேட்டா. பறிச்சுக்கோ கண்ணுன்னு அங்க நடந்து போன ஒருத்தங்க சொன்னாங்க. அன்னிக்கு புதினாச் சட்னி அரைச்சு ஹாலுக்குக் கொண்டு வந்தேனே, காரம் தாங்காம எல்லாரும் பால் குடிச்சீங்க.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருக்கு. திங்கக்கெழமை ஷிஃப்ட்டுக்கு எனக்குப் பதிலா வர்றவங்க இங்க வந்து ரெண்டு மாசந்தான் ஆகுது, கேரளாக்காரங்க, கொஞ்சம் கூச்சப்படுவாங்க. ரேக்குல கீழ்த்தட்டுல அரிசி மூட்டை ஒண்ணு வெச்சிருக்கேன், அதை மொதல்ல அவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, குப்பைக்குப் போயிரும்னு சொன்னாத்தான் எடுப்பாங்க. அப்பறம் ஃப்ரிட்ஜோட வலது கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தணும், இல்லன்னா ராத்திரியெல்லாம் தொறந்தே கெடக்கும், அதையும் சொல்லிருங்க.

இப்படிக்கு,
திங்கக்கெழமை சாயந்திர ஷிஃப்ட் கோயம்புத்தூர் பொண்ணு
ரோச்டேல்